முன்சக்கரத்தைத் திருப்பிய கை

முஹம்மது தம்பி களப்புக் கரையில் பிக்கப்பை நிறுத்தி, முன்சக்கரத்து ஹப்பைப் பூட்டக் குனிந்தபோது அது ஏற்கனவே பூட்டியிருந்தது.

தோப்பூரில் வெளிக்கிடும்போது திறந்து கிடந்ததை அவர் தன் கண்ணால் பார்த்தவர். பழைய போர்வீல் வண்டி, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிறது. உள்ளே இருந்து தடியைத் தள்ளினால் மட்டும் காணாது. இறங்கி, இரண்டு முன்சக்கரத்தின் நடுவிலும் இருக்கிற குமிழைக் கையால் திருப்பிப் பூட்ட வேண்டும். மறந்தால் பின்சக்கரம் மட்டும்தான் இழுக்கும், முன்சக்கரம் சும்மா உருளும். வழியில் எங்கும் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த பஸ்லான் இறங்கவுமில்லை. சுற்றிப்போய் மற்றச் சக்கரத்தைப் பார்த்தார். அதுவும் பூட்டியிருந்தது. குமிழில் ஈரச்சேறு, நாலு விரல் அழுத்திய தடம்.

கராஜ்காரன் சரியாகச் செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டார். கராஜ்காரன் எல்லோரும் கள்ளர்தான். சேற்றை உடுத்திருந்த சாரத்தில் துடைத்துவிட்டு ஏறினார்.

பின்னேரம் அஸர் தொழுது ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை, ஆனால் மாரி மேகம் களப்பின்மேல் கவிழ்ந்து பொழுதைப் பாதியில் தின்றிருந்தது. கண்டல் மரங்களின் வேரடியில் இருந்து அழுகல் வாடை வந்தது. தவளைச் சத்தம் ஒரு கரையில் தொடங்கி மறுகரையில் முடிந்து, பிறகு ஒரேயடியாக நின்றது.

"மாமா, இந்தத் தண்ணித் தடம் வேணாம்," என்றான் பஸ்லான். "றோட்டால சுத்திப் போவம்."

"றோட்டு வெட்டிக் கிடக்கு. இலங்கைத்துறையில இறால் நிக்கிது. உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

ஒரு வருசமாகப் பஸ்லானுக்கு ஒருவனும் வேலை கொடுக்கவில்லை. கொடுக்காமல் செய்தவர் முஹம்மது தம்பிதான். போன மாரியில் இதே தடத்தில், இதே வண்டியில், அவருடைய மகன் நஸ்ரியும் பஸ்லானும் இறால் ஏற்றப் போனார்கள். நடுத்தண்ணீரில் எஞ்சின் நின்றது. நீரோட்டம் வண்டியைப் பள்ளத்துக்குத் தள்ளியது. பஸ்லான் நீந்திக் கரையேறினான். நஸ்ரி ஏறவில்லை. ட்ராக்டர் வைத்து இழுத்தெடுத்தபோது ஹப் இரண்டும் திறந்து கிடந்தன. மறந்துவிட்டிருந்தான் நஸ்ரி. 'பஸ்லான்தான் போகச் சொல்லி ஏத்திவிட்டவன்' என்று முஹம்மது தம்பி பள்ளி வாசலில் சொன்னார், சந்தையில் சொன்னார், சொல்லிக்கொண்டே இருந்தார்.

வண்டியைத் தண்ணீருக்குள் இறக்கினார்.

இந்த வண்டியின் எல்லை அவருக்கு விரல் கணக்கில் தெரியும். கொம்பனி விட்டபடியே நிற்கிற வண்டி. உயர்த்தவில்லை, சேற்று டயர் போடவில்லை, காற்றுக்குழாயைக் கூரைக்குத் தூக்கவில்லை. சக்கரத்தின் நடுமட்டும் தண்ணீர் வந்தால் பயமில்லை. பம்பருக்கு வந்தால் நிறுத்தாமல் மெல்லப் போகலாம். லைட்டைத் தொட்டால் அதன் பின்னால் இருக்கிற காற்றுவாய் தண்ணீரைக் குடிக்கும், எஞ்சின் செத்துவிடும். அதற்கு மேல் இந்த வண்டிக்கு ஏலாது. இதெல்லாம் நஸ்ரி மௌத்தான பிறகுதான் அவர் ஒவ்வொருவரிடமாகக் கேட்டு அறிந்தது.

அந்தக் கணக்கை நம்பித்தான் வந்திருந்தார். பள்ளத்துக்கு இப்பால், தண்ணீர் லைட்டைத் தொடும் இடத்தில் ஒரு கம்பு நட்டிருந்தார். அங்கே எஞ்சின் சாகும். தண்ணீர் சீற் மட்டத்துக்கு ஏறும். இரண்டு கதவின் உள்பிடியையும் கழற்றித் தன் சேட்டுப் பையில் வைத்திருந்தார், கண்ணாடியும் இறங்காது. பஸ்லான் வாய் திறந்து 'நான்தான் போகச் சொன்னேன்' என்று சொல்லும் வரைக்கும் கதவு திறபடாது.

கம்பு வந்தது. தண்ணீர் லைட்டைத் தொட்டது.

"சொல்லு," என்றார். "என்ர புள்ளைக்கு ஆர் சொன்ன, போகுமெண்டு?"

பஸ்லான் கதவைத் தடவினான். பிடி இல்லை. ஓட்டைதான் இருந்தது.

"நீங்கதான் மாமா."

"டேய்."

"போனை ஸ்பீக்கரில போட்டுத்தான் நஸ்ரி உங்களைக் கேட்டவன். 'வாப்பா, தண்ணி கூடிப்போச்சு, போகுமா, ஒருக்கா வந்து முன்னால நடந்து ஆழம் பார்த்துத் தாங்க' எண்டான். நீங்க தேத்தண்ணிக் கடையில இருந்தீங்க. 'போர்வீல் என்னத்துக்கு வாங்கித் தந்த, ஓட்டுடா' எண்டு வெச்சிட்டீங்க." குரல் தாழ்ந்தது. "அவன்ட மையத்து கிடந்த வீட்டில உங்கட முகத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாமப் போச்சு."

முஹம்மது தம்பியின் காது வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தது.

எஞ்சின் நிற்கவில்லை.

லைட்டுக்கு மேலே தண்ணீர். பொனட்டின் ஓரத்திலும் தண்ணீர். எஞ்சின் இருமக்கூட இல்லை. காய்ந்த றோட்டில் ஓடுகிற மாதிரி ஒரே தாளத்தில் அடித்தது. வண்டி கம்பைத் தாண்டி நகர்ந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். கால் அடிமட்டும் போனது. எஞ்சினை நிறுத்தத் திறப்பைத் திருப்பிக் கழற்றினார். திறப்பு கையில் இருந்தது, எஞ்சின் ஓடியது. முன்சக்கரம் இரண்டும் சேற்றைக் கவ்விக் கவ்வி இழுப்பது காலடியில் தெரிந்தது.

பஸ்லான் பக்கத்துக் கதவு திறந்தது.

அடித்துத் திறக்கவில்லை. அத்தனை தண்ணீரின் அழுத்தத்துக்கும் எதிராக மெதுவாக, யாரோ வெளியில் நின்று பிடித்துக் கொடுப்பது போலத் திறந்தது. பஸ்லான் அவரை ஒருமுறை பார்த்தான். தண்ணீரில் விழுந்தான். நீந்தினான். கதவு சாத்திக்கொண்டது.

அவர் தன் பக்கத்தைத் தள்ளினார். தோளால் இடித்தார். பையில் இருந்து பிடியை எடுத்தார். ஓட்டையில் வைத்துத் திருப்பினார். சுற்றியது. சும்மா சுற்றியது.

தண்ணீர் முழங்காலில். இடுப்பில்.

போர்வீல் தடியைப் பின்னுக்கு இழுக்கக் கை வைத்தார். தடி குளிர்ந்து, வழவழப்பாக இருந்தது. அதன்மேல் ஏற்கனவே ஒரு கை இருந்தது. தோல் ஊறிய கை. நகத்துக்குள் சேறு.

பிறகு அந்தக் கை இல்லை.

"மகன்," என்றார். "எனக்குத் தெரியா மகன். எவ்வளவு ஆழம் போகுமெண்டு எனக்குத் தெரியா."

பொனட் முழுக்கத் தாழ்ந்தது. கண்ணாடிக்கு மேல் பச்சைத் தண்ணீர் மூடியது. எஞ்சின் அடித்தது. லைட் இரண்டும் அணையவில்லை. களப்பின் அடியில் இரண்டு மஞ்சள் பாதை போட்டன. அந்த வெளிச்சத்தில், பள்ளத்தின் இறக்கத்தில், சாரத்தை மடித்துக் கட்டிய ஒருவன் அவரைப் பார்த்தபடி பின்னுக்கு நடந்துகொண்டிருந்தான். ஆழம் பார்க்கிறவன் நடக்கிற மாதிரியே காலை அளந்து வைத்தான். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, வரலாம், இன்னும் வரலாம் என்று அசைத்துக்கொண்டிருந்தான்.