சத்தம் விடாமலே வந்த பதில்

முப்பது வருஷமாக ஆபரேஷன் தியேட்டருக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறேன். அன்று காலை அதில் படுத்திருந்தது என் தங்கச்சி.

"மெதுவாத் தள்ளுண்ணே. காய்கறி வண்டியா இது?"

"வாயை மூடிட்டுப் படு, குட்டி."

மண்டையோட்டின் அடியில், காது நரம்பில் கட்டி. மூளைத்தண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தி கொஞ்சம் பிசகினால் அவள் எழுந்திருக்கவே மாட்டாள். அதைக் காவல் காக்க ஒரு மிஷின், மிஷினுக்கு ஒரு பொண்ணு. காதில் குழாய் செருகி டக் டக்கென்று சத்தம் விடுவாள். மயக்கத்திலும் மூளைத்தண்டு பதில் சொல்லும். திரையில் ஐந்து மேடு எழும். மேடு படுத்தால் ஆபத்து.

எனக்கு மிஷின் மேல் என்றைக்கும் நம்பிக்கை கிடையாது. மூலையில் நின்று திரையையே பார்த்தேன்.

மத்தியானம் மேடு படுத்தது.

"டாக்டர், நிறுத்துங்க!" பொண்ணு கத்தினாள்.

அவர் கையை எடுத்தார். பொண்ணு சத்தத்தை அணைத்துவிட்டு ஒயர் ஒயராகத் தடவிப் பார்த்தாள். கருகிய எலும்பு வாசனை அடித்தது.

மேடு எழுந்தது. ஐந்தும்.

"வந்துடுச்சு டாக்டர்!"

அவள் பேச்சை நம்பி அவர் மிச்சக் கட்டியை வெட்டி எடுத்தார்.

பிறகுதான் அவள் சத்தப் பொத்தானைப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"அண்ணே... சத்தத்தை நான் திரும்பப் போடவே இல்ல."

"அப்போ யாருக்குப் பதில் சொல்றா?"



தைத்து, ஒயரைக் கழற்றினார்கள். ஐ.சி.யூ.வில் கொண்டுபோய் விட்டேன். கண்ணில் டார்ச் அடித்தார்கள், கண்மணி சுருங்கவில்லை. நெஞ்சை ஏற்றி இறக்கியது மூச்சு மிஷின்தான். டாக்டர் என் தோளில் கை வைத்தார். தட்டிவிட்டேன்.

தியேட்டரைத் துடைக்க வந்தேன். ஆள் இல்லை. ஒயரெல்லாம் கொக்கியில் வெறுமனே தொங்கின.

திரையில் ஐந்து மேடு.

காதுக்குழாயை எடுத்து வாயருகே வைத்தேன். அது சத்தம் வெளியே விடுகிற குழாய், கேட்கிற குழாய் இல்லை. தெரியும். வேறு வழி தெரியவில்லை.

"குட்டி."

மேடு அசையாமல் நின்றது. காது கொடுத்துக் கேட்கிற மாதிரி.

"அண்ணன்தாம்மா."

ஐந்தும் திரை முட்ட எழுந்தன.

அவள் உடம்பு இரண்டு மாடி மேலே கிடந்தது. திரையில் இருக்கிற இவளை அதில் கொண்டுபோய்ச் சேர்க்கிற வழி எனக்குத் தெரியவில்லை.