சக்கரத்தில் எலுமிச்சை

கவியா செருப்பில்லாமல் படியேறி வந்தாள். கையில் செல்போன் மட்டும் இருந்தது.

“மேடம், மண்டபத்துல போலீசைக் கூப்பிடப் போறாங்க. பந்தி முடியற வரைக்கும்தான் டைம் குடுத்திருக்காங்க.”

அன்புச்செல்வி நாற்காலியைக் காட்டினாள். இன்ஷூரன்ஸ் கோரிக்கைகளில் பொய்களைத் தேடிப் பல வருஷம் ஓட்டியவள். இப்போது ஊரில் உள்ள ஓர் ஆசிரமத்துக்கு அருகே, ஒரு காபிக் கடையின் மாடியில், துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். அக்கா மகன் ஆதவன் உதவியாளன்.

செங்கம் சாலைக் கல்யாண மண்டபத்தில் அன்று, மின்சாரத்தில் ஓடும் சிறிய மாதிரி ரயில்களைச் சேகரிப்பவர்களின் சந்தை. இறந்துபோன அப்பாவின் பச்சை நீராவி எஞ்சினை விற்கக் கவியா போயிருந்தாள். அப்பாதுரை என்பவர் ஓட்டிப் பார்த்து வாங்கினார். பெட்டியோடு கிளம்பியவர் கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். எஞ்சின் ஓடவில்லை, செத்த எஞ்சினை ஒட்டுப்போட்டு விற்று ஏமாற்றிவிட்டாள் என்றார்.

“அது எங்கப்பா எஞ்சினே இல்ல மேடம். அதே மாதிரி வேற ஒண்ணு. சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க.”

“போலீஸ் வந்தா வரட்டுமே. உண்மையைச் சொல்லு,” என்றான் ஆதவன்.

“குரூப் ஃபோர் பாஸ் பண்ணியிருக்கேன். போஸ்டிங்குக்கு முன்னாடி போலீஸ் விசாரணை வரும். என் பேர்ல கேஸ் இருந்தா வேலை போச்சு.”

“ஏன் நம்ப மாட்டேங்கறாங்க?” என்று கேட்டாள் அன்புச்செல்வி.

கவியா, விற்றபோது எடுத்த வீடியோவைப் போனில் ஓட்டினாள். அப்பாதுரை எஞ்சினின் நெற்றியில் குங்குமம் வைத்தார். புது வண்டிக்குப் பூஜை போடுவதுபோல, எலுமிச்சையைப் பொடியாக நறுக்கி இரண்டு தண்டவாளங்களிலும் வைத்தார். எஞ்சின் அதை நசுக்கிக்கொண்டு ஏறியது. கைதட்டல். எஞ்சின் மூன்று முறை சுற்றி வந்து நின்றது. அப்பாதுரையே அதை எடுத்துப் பெட்டியில் வைத்தார்.

“அவர் திருப்பிக் கொண்டாந்ததுலயும் குங்குமம் இருக்கு. சக்கரத்துல எலுமிச்சையும் இருக்கு.”

அன்புச்செல்வி எழுந்தாள். “வா, போலாம்.”

மண்டபத்தில் பாதிப் பேர் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அப்பாதுரை பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். சந்தையை நடத்தும் ராமகிருஷ்ணன் கையில் போனோடு நின்றார்.

“வாங்கினதுல இருந்து பெட்டியை யார்கிட்டயாவது குடுத்தீங்களா?” என்று கேட்டாள் அன்புச்செல்வி.

“குடுப்பனா? கையை விட்டு எறங்கவே இல்ல. ஸ்கூட்டர் வரைக்கும் போனேன். மனசு கேக்காம இன்னொரு சுத்து பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். வெச்சா அசையல.”

“வாஸ்தவம்தாங்க,” என்றார் ராமகிருஷ்ணன். “கை கழுவப் போனாக்கூட அக்குள்ல இடுக்கிக்கினுதான் போனாரு. வீட்டுக்காரம்மா பாத்தா பொறாமைப்படுவாங்கன்னு நான்கூட கிண்டல் பண்ணினேன்.”

யாரோ சிரித்தார்கள். கவியா சிரிக்கவில்லை.

“மோட்டாரைப் பிரிச்சுப் பாக்கலாம் சித்தி. ஒட்டு இருந்தா தெரிஞ்சிடும்,” என்றான் ஆதவன்.

“வேணாம்.” அவள் எஞ்சினை வாங்கி மல்லாக்கத் திருப்பினாள். விரலால் சக்கரத்தைத் தள்ளினாள். அசையவில்லை. “இது கையால உருளாதா?”

“உருளாதுங்க,” என்றார் ராமகிருஷ்ணன். “மோட்டார் சுத்தினாத்தான் சக்கரம் சுத்தும். இந்த மாடலே அப்படித்தான்.”

“ஆதவா, எலுமிச்சை எங்க இருக்கு?”

“சக்கரத்துல.”

“சக்கரத்துல எங்க?”

ஆதவன் குனிந்தான். ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தான். “தண்டவாளத்துல வெச்சா கீழ படற எடத்துல மட்டும். எல்லாச் சக்கரத்துலயும் அப்படித்தான். மத்த பக்கம் தூசு அப்படியே இருக்கு.”

“பழத்தை நசுக்கிட்டு மூணு சுத்து ஓடின சக்கரம் இது. சாறு சுத்திலும் பரவியிருக்கணும். ஒரு பக்கம் மட்டும் தூசு எப்படி நிக்கும்?” அவள் குரல் உயரவில்லை. “இது ஓடவே இல்லைங்க. ஓடாத எஞ்சினை யாரோ எலுமிச்சை மேல வெச்சு அழுத்தியிருக்காங்க. உருட்டியும் பாத்திருப்பாங்க. உருளல.”

“அப்ப அந்தப் பொண்ணுதான் செஞ்சிருக்கும்,” என்றார் அப்பாதுரை.

“பூஜை போடணும்னு அந்த நிமிஷம் நீங்கதானே நெனச்சீங்க? முன்னாடியே எலுமிச்சை தடவி ஒண்ணைத் தயாரா வெக்க இவளுக்கு ஜோசியமா தெரியும்? பூஜைக்கு அப்புறம்தான் தடவியிருக்காங்க. அப்புறம் பெட்டி யார் கையில இருந்திச்சு?”

அப்பாதுரை ராமகிருஷ்ணனைப் பார்த்தார். ராமகிருஷ்ணனின் சிரிப்பு போயிருந்தது.

“ஸ்கூட்டர் சாவியைக் குடுங்க,” என்றார் ராமகிருஷ்ணன்.

சீட்டுக்கு அடியில் ஒரு துண்டு. துண்டுக்குள் பச்சை எஞ்சின். அதன் சக்கரங்களில் சாறு முழு வட்டமாகக் காய்ந்திருந்தது.

“என்னுது போன மாசம் செத்துப்போச்சு,” என்றார் அப்பாதுரை. “இங்க யாராவது ரிப்பேர் பண்ணுவாங்களான்னு எடுத்தாந்தேன். எவனும் தொடல. அதை இவ தலையில கட்டிட்டு, குடுத்த காசையும் திருப்பி வாங்கிடலாம்னு... புத்தி கெட்டுப் போச்சு.”

ராமகிருஷ்ணன் போனை எடுத்தார். “இப்பக் கூப்பிடறேன் ஸ்டேஷனுக்கு.”

“வேணாம் சார்,” என்றாள் கவியா. “அங்க என் பேரே வர வேணாம். புகார் குடுத்தவளாக்கூட வேணாம்.”

அவள் அப்பாதுரையிடம் திரும்பினாள்.

“வித்தது வித்ததுதான். எஞ்சின் உங்களுது. உள்ள கொண்டாந்து தண்டவாளத்துல வைங்க. என்னை ஏமாத்துக்காரின்னு சொன்னப்ப இருந்தவங்க எல்லாரும் பாக்கட்டும்.”

பந்தியில் இருந்தவர்களும் எழுந்து வந்தார்கள். சிலருடைய கை இன்னும் ஈரமாக இருந்தது. அப்பாதுரை எஞ்சினை வைத்தார். சுவிட்சுக்கு யாரும் கை நீட்டவில்லை. அவரே போட்டார்.

அது இரண்டாவது சுற்று வரும்போது, கவியா வாசலில் தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.