சத்தம் மட்டும்

லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்று மாடியும் படியேறித்தான் போக வேண்டும். பதிவு அலுவலகத்தில் கல்யாணக் கையெழுத்துப் போட்டுவிட்டு, புதுச் செருப்பு குதிகாலைக் கடிக்க, அவள் அவர் பின்னால் ஏறினாள். பகலிலும் விளக்குப் போட வேண்டிய படிக்கட்டு. சுவரெல்லாம் ஈரம் ஊறிய வாடை. அவளுக்கு இதெல்லாம் பழக்கம்தான். அக்கா ஒரு வாரக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததிலிருந்து, அக்கா பெண்ணைப் பார்த்துக்கொண்டு இந்த வீட்டில்தான் இருக்கிறாள். ஆனால் இதுவரை ஏறியது ஒத்தாசைக்கு வந்தவளாக. இன்றைக்கு ஏறுவது வீட்டுக்காரியாக.

குழந்தைக்குத் துணையிருந்த கீழ்வீட்டு டீச்சர் உள்ளேயிருந்து கதவைத் திறந்தாள். அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு சுண்டு ஓடி வந்தாள். ஐந்து வயது, முன்பல் இரண்டு இல்லை.

"ஹை! சித்தி வந்தாச்சு!"

அவளுக்கு முகம் தொங்கிப்போயிற்று. இந்த ஒரு விஷயத்தில் தமிழ் மகா கஞ்சம். அம்மாவின் தங்கையும் சித்தி, அப்பாவுக்கு இரண்டாவதாக வாய்த்தவளும் சித்தி. நேற்றுவரை அது, இன்றுமுதல் இது. கூப்பிடுகிற வார்த்தை மட்டும் அப்படியே. அவளும் அவரை 'மாமா' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள், இனியும் அப்படித்தான் கூப்பிடுவாள். அது போகட்டும். குழந்தை வாயில் 'அம்மா' என்று ஒருமுறை வந்துவிட்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு. அதற்காகத்தான் பாதிக் கல்யாணமே.

சோறு ஊட்டுவது அவள், தலை வாருவது அவள், காய்ச்சல் வந்தால் கண் விழிப்பது அவள். ஆனால் மத்தியானம் சுண்டுவைத் தூங்க வைப்பது மட்டும் அக்கா. செத்துப்போன பிறகும் அக்காதான்.

அக்கா குழந்தைகளுக்குக் கதை சொல்லும் இணையச் சேனல் ஒன்றில் வேலை பார்த்தவள். ஒரு நீல நாற்காலியில் உட்கார்ந்து, கேமராவைப் பார்த்து, யானையும் எறும்பும் பேசிக்கொள்கிற கதைகளைச் சொல்லுவாள். அது என்ன குரலோ! சின்ன வயதில் வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் "பெரியவளே, ஏதாவது பேசேன்" என்பார்கள். சின்னவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவளுக்கு வாய்த்தது தகரக் குரல். போனில் பேசினால் எதிர்முனையில் இருப்பவர் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிப்பார். லேப்டாப்பில் அக்கா "அப்புறம் என்னாச்சு தெரியுமா, கண்ணு..." என்று இழுக்கும்போதெல்லாம் அவள் சமையலறையில் பாத்திரத்தை 'ணங்' என்று வைப்பாள். சுண்டு கண்ணைத் திறக்காமலே "சித்தி, சத்தம் போடாதே" என்பாள். வயிறு எரியுமா எரியாதா?

ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது அவர் ஸ்பானரைப் பையில் போட்டபடி சொன்னார். "அந்தச் சேனலை மூடறாங்களாம். மாசக் கடைசியோட எல்லா வீடியோவையும் எடுத்துடுவாங்களாம்."

"கம்பெனில கேட்டா குடுக்க மாட்டாங்களா, மாமா?"

"கேட்டேன். வேணும்னா நீங்களே எறக்கிக்குங்கன்னுட்டாங்க. அங்க ஆளே இல்ல, எல்லாரையும் அனுப்பிட்டாங்க." அவர் குரல் தாழ்ந்தது. அக்காவைப் பற்றிப் பேசினால் மட்டும் அவருக்கு அப்படித் தாழும். "உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியும். உங்கக்கா கதையெல்லாம் பத்திரமா எறக்கி வெச்சிடும்மா."

அவள் அச்சகத்தில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தவள். கம்ப்யூட்டர் என்றால் பயமில்லை. வீடியோவை இறக்குவதற்கென்று பிரௌசரில் மாட்டிக்கொள்கிற எக்ஸ்டென்ஷன்கள் ஒரு காலத்தில் சொன்னபடி கேட்டன. பட்டனை அமுக்கினால் வீடியோ வந்து விழும். இப்போது அப்படியில்லை. முதலில் மாட்டியது, 'இந்தத் தளத்தில் இயங்காது' என்று கையை விரித்தது. அடுத்தது கதையை விட்டுவிட்டு விளம்பரத்தை மட்டும் கர்மசிரத்தையாக இறக்கித் தந்தது. இன்னொன்று, இன்னொரு மென்பொருளையும் கூடவே போடு என்று அடம்பிடித்தது. கீழே மதிப்புரைகளில் ஆளாளுக்குத் திட்டியிருந்தார்கள். தளக்காரர்கள் பூட்டை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், இவர்கள் சாவியை ராவிக்கொண்டே இருக்கிறார்கள், அவ்வளவுதான் சங்கதி.

கடைசியில் ஒன்று வேலை செய்தது. பிரௌசரின் மூலையில் பச்சை அம்பு ஒன்று வந்து உட்கார்ந்தது. திறந்திருக்கும் பக்கத்தில் வீடியோ ஓடினால், அதன்மேல் சிவப்பாக ஓர் எண் தோன்றும். அமுக்கினால் மூன்று வரிகள் விரியும்: 'படம் மட்டும்', 'சத்தம் மட்டும்', 'இரண்டும் சேர்த்து'. இப்போதெல்லாம் படமும் சத்தமும் தனித்தனியாகத்தான் வருகின்றன, பிரௌசர்தான் இரண்டையும் கோத்துக் காட்டுகிறது என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் 'இரண்டும் சேர்த்து' என்பதை அமுக்கினாள். யானைக் கதை பொத்தென்று வந்து விழுந்தது. சரியாக வந்திருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்தாள்.

"வா கண்ணு, வந்து உக்காரு..."

அடுத்த அறையிலிருந்து தடதடவென்று காலடிச் சத்தம். "அம்மா!" என்று கூவிக்கொண்டே சுண்டு பாய்ந்து வந்தாள். வாசலிலேயே நின்றாள். திரையைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள். முகத்திலிருந்த வெளிச்சம் வடிந்துபோயிற்று.

"ஓ. நீயா."

அவ்வளவுதான் சொன்னாள், திரும்பிப் போய்விட்டாள். அந்த 'நீயா'வில் இவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. இறக்கிய கோப்பை அழித்தாள். பிறகு ஒவ்வொரு கதையாகத் திறந்து, 'படம் மட்டும்', 'படம் மட்டும்' என்று அமுக்கிக்கொண்டே போனாள். கை ஒருமுறைகூடத் தடுமாறவில்லை.

சாயங்காலம் அவர் வந்ததும் பூசி மெழுகினாள். "இந்த எக்ஸ்டென்ஷன் எதுவும் இப்ப முன்ன மாதிரி ஒழுங்கா வேலை செய்யறதில்ல, மாமா. முட்டி மோதிப் பாத்துட்டேன். படம் வருது, சத்தம் வர மாட்டேங்குது."

பாதி உண்மை என்பதால் பொய் தடையில்லாமல் வந்தது. அவர் திரையில் சத்தமில்லாமல் அசைகிற உதடுகளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சாப்பிடாமல் எழுந்துபோனார்.

மாதம் முடிந்தது. சேனல் இருந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறப் பக்கம்.

மத்தியானங்களில் சுண்டு லேப்டாப்பின் ஓரத்தில் காதை ஒட்டிவைத்துக் கேட்டாள். "அம்மா வாய் அசையுது. ஏன் பேச மாட்டேங்கறா?"

"அம்மாவுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. நான் கதை சொல்றேன், வா."

"வேணாம். நீ சொன்னா தூக்கம் போயிடுது."

சுண்டு அழுது அழுதுதான் தூங்கினாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். போகப்போகச் சரியாகிவிடும். மறக்காத குழந்தை உண்டா?

ஒரு மத்தியானம், மின்கட்டணம் கட்டலாம் என்று பிரௌசரைத் திறந்தாள். வெற்றுப் பக்கம். இன்னும் எந்தத் தளத்துக்கும் போகவில்லை. மூலையில் பச்சை அம்பின்மேல் சிவப்பாக ஓர் எண்.

1.

ஏதோ கோளாறு என்று நினைத்து அமுக்கினாள். எப்போதும் வருகிற மூன்று வரிகள் வரவில்லை. ஒன்றுதான் வந்தது.

'சத்தம் மட்டும். நேரலை.'

விரல் தயங்கியது. ஆனாலும் அமுக்கினாள். ஸ்பீக்கரில் லேசான இரைச்சல். பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற சத்தம். அவள் திரும்பிச் சமையலறைக் குழாயைப் பார்த்தாள். அது சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரிலும் அதே கணத்தில் சொட்டியது. கூடவே யாரோ மூச்சு விடுகிற சத்தம். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஸ்பீக்கரில் அந்த மூச்சும் நின்றது.

ஆனால் இன்னொரு மூச்சு நிற்கவில்லை.

நிதானமான மூச்சு. பேசத் தொடங்குவதற்கு முன் மெல்ல இழுக்கிற மூச்சு. அது அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு கதைக்கு முன்னாலும் அக்கா அப்படித்தான் இழுப்பாள்.

படாரென்று லேப்டாப்பை மூடினாள். கொஞ்சநேரம் கழித்துத் திறந்து, எக்ஸ்டென்ஷனைப் பிடுங்கி எறிந்தாள். பச்சை அம்பு மறைந்தது.

சிவப்பு எண் மறையவில்லை. மூலையில் தனியாக நின்றது.

அவள் லேப்டாப்பை அலமாரியில் துணிகளுக்கு அடியில் திணித்துப் பூட்டினாள். வெளியே நல்ல வெயில். தெருவில் யாரோ வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பகலில் பயந்தால் ஊர் சிரிக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

போன் அடித்தது. அவர்தான். சாப்பாட்டு நேரத்தில் தினம் கூப்பிடுவார்.

"சொல்லுங்க மாமா," என்றாள்.

"ஹலோ? ஹலோ?"

"கேக்குதா மாமா? நான்தான்."

"என்ன, சத்தமே வரல? எடுத்துட்டுப் பேசாம இருக்கே?"

அவள் இன்னும் உரக்கக் கத்தினாள். நெஞ்சு அதிர்ந்தது, தொண்டை நரம்பு புடைத்தது. அப்போதுதான் தன் காதுக்கே எதுவும் கேட்கவில்லை என்பது உறைத்தது. வண்டி கழுவும் சத்தம் கேட்டது, குழாய் சொட்டுவது கேட்டது. அவள் குரல் மட்டும் இல்லை.

வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

போனில் அவர் மூச்சு சட்டென்று மாறியது. எதையோ கேட்டுவிட்டவர்போல் இருந்தார். அவள் இப்போது வாயைத் திறக்கவே இல்லை.

"நீயா?" என்றார், குரலைத் தாழ்த்தி. "நீதானா? இன்னொரு தடவ சொல்லு..."

கல்யாணமாகி இத்தனை நாளில் அவளிடம் ஒருமுறைகூட அவர் அந்தக் குரலில் பேசியதில்லை. பயத்துக்கு நடுவிலும் அதுதான் முதலில் சுட்டது. போனைக் கட்டில்மேல் எறிந்தாள்.

உள்ளறையில் சுண்டு புரண்டு படுத்தாள். கனவு கண்டவள்போல் விசும்பத் தொடங்கினாள்.

அவள் ஓடிப்போய் அருகில் உட்கார்ந்தாள். குரல் வராது, தட்டிக்கொடுக்கலாம் என்று கையை வைத்தாள். அவளையறியாமல் நெஞ்சு விரிந்தது. நிதானமாக, மெல்ல, ஒரு மூச்சு உள்ளே இழுபட்டது.

அதை இழுத்தது அவள் இல்லை.

"அழாதே கண்ணு. இங்கதான் இருக்கேன்."

தேன் மாதிரி குரல். அவள் தொண்டையிலிருந்து, அவள் நாக்கைப் புரட்டி, அவள் பல்லிடுக்கில் வந்தது.

சுண்டுவின் விசும்பல் நின்றது. கண்ணைத் திறக்காமலே இரண்டு கைகளையும் நீட்டி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"அம்மா."

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தனை நாள் ஏங்கிக் கிடந்தாள். பிஞ்சு உதடு கன்னத்தில் பட்டதும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. குரல் யாருடையதாக இருந்தால் என்ன, கட்டிக்கொண்டது என்னைத்தானே என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அந்த ஒரு கணம் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

சுண்டு கண்ணைத் திறந்தாள். அவள் முகத்தைப் பார்த்தாள். இந்த முறை ஏமாந்துபோகவில்லை. கன்னத்தைத் தடவிக்கொடுத்தாள். பிறகு அவள் தோளுக்கு மேலாக அறையைச் சுற்றிப் பார்த்தாள். கதவுப் பக்கம் பார்த்தாள், சமையலறைப் பக்கம் பார்த்தாள்.

"அம்மா, சித்தி எங்க?"

நான்தான்டி சித்தி, இதோ உன் பக்கத்தில் இருக்கிறேன், என்னைப் பாரடி என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். வாழ்நாளில் முதன்முறையாக அந்த வார்த்தை அவளுக்கு வேண்டியிருந்தது.

அழகான, நிதானமான குரல் வந்தது.

"எந்தச் சித்தி, கண்ணு?"