யாரும் அசையக் கூடாது

அந்தக் கண்ணாடி அறையில் இருந்தவர்களின் பெயர்களை ஊர் தப்பும் தவறுமாகச் சொல்லித் திரிகிறது. ஆகவே முதலில் சரியான பெயர்கள்.

வால்டர் ஹேவர்கேம்ப். ரிவர்மென் பேஸ்பால் கிளப்பின் உரிமையாளர். ஹேவர்கேம்ப் குடும்பத்தின் மூத்தவர்.

கர்டிஸ் ஹேவர்கேம்ப். அவருடைய ஒரே மகன். கிளப்பின் தலைவர்.

மர்லீன் வோக்ட். கிளப்பின் வக்கீல்.

டென்னிஸ் கீல். ஊர் ஊராக அலைந்து இளம் வீரர்களைக் கண்டுபிடித்து வரும் இலாகாவின் தலைவர்.

இவர்களில் நான்காமவர் இறந்துபோயிருந்தார்.

மற்ற மூவரில் இருவருக்கு அது தெரியாது...

மொத்தம் ஒன்பதில் எட்டாவது இன்னிங்ஸ். இறந்தவரின் சட்டைப் பையில் போன் அடித்தது.

அடித்தது... நின்றது... மறுபடி அடித்தது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. கீழே மைதானத்தில் ரிவர்மென்னின் இடதுகை வீரன் ஹாலிஸ் க்ரீவி பந்து எறிந்துகொண்டிருந்தான். டெக்சாஸ்காரர்களான டிரோவர்ஸ் அணியில் ஒருவன்கூட அதுவரை அவன் பந்தை உருப்படியாக அடித்து ஓடியிருக்கவில்லை. அப்படி ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது அதன் பெயரை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். காலைக்கூட மாற்றிப் போட மாட்டார்கள். அசைந்தால் ராசி போய்விடும்.

ரிவர்மென்னின் மாநிலமான மிசோரியில் சர்ச்சில் எழுந்து நடப்பவனை மன்னித்துவிடுவார்கள். இதில் மன்னிக்க மாட்டார்கள்.

மூன்றாவது முறை போன் அடித்தபோது மர்லீனுக்குப் பொறுக்கவில்லை. கையை மட்டும் நீட்டி, "டென்னிஸ், அதை அணைச்சுத் தொலைங்களேன்" என்று தோளைத் தொட்டாள்.

டென்னிஸ் கீல் அப்படியே பக்கவாட்டில் சரிந்தார்.

மர்லீன் அலறினாள்!

மைதானத்தின் இரைச்சலில் அந்த அலறல் யாருக்கும் கேட்கவில்லை.

தகராறு அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

ரிவர்மென் கிளப்பில் இருந்த ஒருவன் டிரோவர்ஸுக்கு வேலை மாறிப் போனான். போகும்போது லேப்டாப்பையும் பாஸ்வேர்டையும் ஒப்படைத்துவிட்டுப் போனான். போன இடத்தில் புதுப் பாஸ்வேர்டு யோசிக்கச் சோம்பல். பழையதன் வாலில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் போட்டுக்கொண்டான்.

அந்த எழுத்தை யாரோ ஊகித்துவிட்டார்கள். டிரோவர்ஸின் ரகசியங்கள் முழுவதும் ரிவர்மென் அலுவலகத்தில் விரிந்தன. எந்தப் பையனை வாங்கப் போகிறார்கள், எவனுக்கு முழங்கையில் வலி, எவன் எந்தப் பந்துக்குத் திணறுவான்... எல்லாம்.

கண்டுபிடித்தபோது எல்லாத் தடயமும் டென்னிஸின் கம்ப்யூட்டரில் போய் நின்றது.

டென்னிஸின் நாற்காலியில் உட்கார்ந்து எழுத்தை ஊகித்தவன் கர்டிஸ்.

அது மூன்று பேருக்குத் தெரியும். கர்டிஸுக்கு, டென்னிஸுக்கு, வால்டருக்கு.

லீக் கமிஷனர் தண்டனை என்னவாக இருக்கும் என்று முன்கூட்டியே கோடி காட்டியிருந்தார். ஒருவன் தனியாகச் செய்த திருட்டு என்றால் அவனுக்கு வாழ்நாள் தடை. கிளப்புக்கு வரும் வருடம் புது வீரர்களைப் பொறுக்கும் நாளில் முதல் இரண்டு வாய்ப்புகள் பறிபோகும், அவை டிரோவர்ஸுக்குப் போகும். குடும்பத்துக்கும் அதில் கை உண்டு என்றால் கிளப்பே ஹேவர்கேம்ப் கையில் இருக்காது.

ஊர் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டது. வீட்டைக் கொள்ளையடித்தவனிடம் இரண்டு முட்டையைப் பிடுங்கிக்கொண்டு விடுவதா என்று பாதிப் பேர். ஒரு குமாஸ்தாவின் கைவரிசைக்குக் குழந்தைகூட அழும்படி கிளப்பை மொட்டையடிப்பதா என்று மீதிப் பேர். வெளியூர் ஆட்டங்களில் எதிரணி ரசிகர்கள் "பாஸ்வேர்டு என்னடா?" என்று கோஷமே போட்டார்கள்.

கொலைக்கு முந்தைய நாள் வால்டர், டென்னிஸைத் தன் அறைக்கு அழைத்தார்.

"ஒருத்தன் தப்புக்கு மொத்தக் கிளப்பையும் தண்டிக்கறது என்ன நியாயம், டென்னிஸ்?"

"கிளப் தப்புக்கு ஒருத்தனைத் தண்டிக்கறது மட்டும் நியாயமா, சார்?"

வால்டரிடம் அப்படிப் பேசியவர்கள் குறைவு.

"எங்க அப்பா கட்டின கிளப் இது. அந்தப் பேர் மேல சேறு விழக் கூடாது."

"சேறு விழுந்தாச்சு சார். அதைத் தொடைக்க என் சட்டைதான் கிடைச்சுதா? நான் தனியா போக மாட்டேன். கர்டிஸ் பேரும் வரும்."

வால்டர் கதவைக் காட்டினார். கெஞ்சுவது அந்த வீட்டு வழக்கம் அல்ல.

மறுநாள் மதியம் டென்னிஸ் கண்ணாடி அறைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. வால்டர் முன்வரிசையில் தனியாக. டென்னிஸ் அவருக்கு நேர் பின்னால். பின்வரிசையிலேயே ஒரு நாற்காலி தள்ளி மர்லீன், மறுகோடியில் கர்டிஸ்.

ஐந்தாவது இன்னிங்ஸ் முடியும்போது டென்னிஸ் முன்னால் குனிந்தார்.

"சார்... நேத்து நான் சொன்னது..."

"ஸ்ஸ். ஆட்டத்தைப் பாரு."

டென்னிஸ் ஸ்கோர் பலகையைப் பார்த்தார். டிரோவர்ஸுக்கு நேராக இருந்த அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தார். அவருக்கும் அது மதம்தான். வாயை மூடிக்கொண்டார்.

ஏழாவது இன்னிங்ஸில் நெஞ்சு பிடித்துக்கொண்டது.

சட்டைப் பையிலிருந்து நாக்கடியில் வைக்கும் மாத்திரைக் குப்பியை எடுத்தார். குப்பி நழுவியது. படியில் உருண்டது. முன்வரிசையில் வால்டரின் ஷூவைத் தொட்டு நின்றது.

வால்டர் குனிந்து பார்த்தார்.

பிறகு ஷூவைத் தூக்கினார்...

குப்பியின் மேல் வைத்தார்.

டென்னிஸின் கை அவர் தோளைத் தொட்டது. வால்டர் திரும்பவில்லை. எதிரே கண்ணாடியில் டென்னிஸின் முகம் தெரிந்தது. அந்த முகத்தின் ஊடாக க்ரீவி பந்து எறிவதும் தெரிந்தது. இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுகோடியில் கர்டிஸ் பாதி எழுந்தான். "அப்பா, டென்னிஸுக்கு என்னமோ..."

"உட்காரு. யாரும் அசையக் கூடாது."

கர்டிஸ் உட்கார்ந்தான். ராசி என்று நினைத்தான்.

தோளில் இருந்த கை மெல்ல வழுக்கிக் கீழே போயிற்று.

மைதானத்தில் காவல் வேலையில் இருந்த டிடெக்டிவ் ரோண்டா பெட்டவே வந்துசேர்ந்தபோது ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கவிருந்தது. கிளப் டாக்டர் முன்னமே வந்திருந்தார். மாரடைப்பு என்றார். ஆனால் ஒன்று இடிக்கிறது என்றார்.

"மாத்திரைக் குப்பி இல்லாம டென்னிஸ் பாத்ரூமுக்குக்கூட போக மாட்டார். அது அவர் பையில இல்ல."

ரோண்டா மேசை, கோட், குப்பைக்கூடை என்று தேடினாள். கிடைக்கவில்லை. கர்டிஸையும் மர்லீனையும் எழுந்து நிற்கச் சொன்னாள். நின்றார்கள். நாற்காலிகளின் அடியில் பார்த்தாள். ஒன்றுமில்லை.

வால்டர் மட்டும் எழவில்லை.

"சார், ஒரு நிமிஷம்."

"ஆட்டம் முடியட்டும்."

ரோண்டா ஸ்கோர் பலகையை ஏறிட்டாள். அவளும் இந்த ஊர்க்காரிதான். ரேடியோவில் ஆட்டம் கேட்டபடியே பிறந்ததாக அவள் அம்மா சொல்லுவாள்.

"சரி சார். நீங்க அசைஞ்சு, அவன் அடிச்சுட்டா, இந்த ஊர்ல என்னை உயிரோட விட மாட்டாங்க."

கர்டிஸ்கூட லேசாகச் சிரித்தான். பிணம் இருக்கும் அறையில்.

டிரோவர்ஸின் டியூக் அல்வராடோ மட்டையோடு வந்தான். உள்பக்கமாக வளைந்து வரும் பந்தை அவனால் தொடவே முடியாது. அது ரிவர்மென்னுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்கக் கூடாது. திருடிய குறிப்பு.

க்ரீவி உள்பக்கமாக வளைத்து எறிந்தான்.

மட்டை சுழன்றது. பந்து எல்லாத் தலைகளுக்கும் மேலே பறந்தது. சுவரையும் தாண்டி, வெளியே நிறுத்தியிருந்த யாரோ ஒருவருடைய கார்மேல் போய் விழுந்தது.

அல்வராடோ அந்த வளைபந்தைப் பழகிக்கொண்டது குளிர்காலத்தில். திருடப்பட்ட குறிப்பு அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தது.

அரங்கம் முழுவதும் ஒரே பெருமூச்சு. கட்டிப்போட்டிருந்த சனம் மொத்தமும் எழுந்தது. காலை நீட்டியது. கழிப்பறைக்கு ஓடியது. மர்லீன் தலையில் கை வைத்துக்கொண்டாள். கர்டிஸ் நாற்காலியை எட்டி உதைத்தான்.

ரோண்டா யாரையும் பார்க்கவில்லை. வால்டரை மட்டுமே பார்த்தாள்.

அவர் அசையவில்லை.

"சார்... நோ-ஹிட்டர் போயிடுச்சு." அதுவரை யாரும் வாயால் சொல்லாத பெயரை ரோண்டா சொன்னாள்.

"பார்த்தேன்."

"ஊரே அசைஞ்சாச்சு. நீங்க இன்னும் ஏன் சார் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

வால்டர் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலது காலைத் தூக்குங்க சார்."

வால்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த முதுகு எவருக்கும் வளைந்ததில்லை. காலைத் தூக்கினார். தரைவிரிப்பில் பதிந்து கிடந்தது குப்பி. உடையவில்லை. அவ்வளவு கவனமாக மிதித்திருந்தார்.

கர்டிஸ் குப்பியைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் புரிந்தது. யாருக்காக என்பதும்.

அப்போது போன் மறுபடி அடித்தது.

ரோண்டா இறந்தவரின் பையிலிருந்து அதை எடுத்து, எல்லோரும் கேட்கும்படி வைத்தாள். கமிஷனர் அலுவலகத்திலிருந்து ஒரு பெண். டென்னிஸ் காலையில் கையெழுத்திட்டு அனுப்பிய வாக்குமூலம் வந்துசேர்ந்துவிட்டதாம். அறிவிப்பதற்கு முன் அவர் வாயால் ஒரு முறை உறுதிசெய்ய வேண்டுமாம். அதற்குத்தான் விடாமல் கூப்பிட்டாளாம்.

அவரால் இப்போது பேச முடியாது, நான் போலீஸ், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ரோண்டா கேட்டாள்.

அந்தப் பெண் தயங்கிவிட்டுப் படித்தாள்.

"நான் மட்டுமே செய்தேன். ஹேவர்கேம்ப் குடும்பத்துக்கு எதுவும் தெரியாது. யாரும் சீந்தாத காலத்தில் எனக்கு முதல் வேலை கொடுத்தவர் வால்டர். அவர் பெயரை நான் இழுக்க மாட்டேன்."



வால்டரின் உதடுகள் அசைந்தன. "இன்னொரு தடவை படிக்கச் சொல்லுங்க."

படித்தாள்.

குப்பி உருண்டு வந்தபோது அதை எடுத்துப் பின்னால் நீட்டியிருந்தால் போதும். இரண்டு வாய்ப்புகள் போயிருக்கும். பெயர் நின்றிருக்கும். காப்பாற்றியவர் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார்!

ரோண்டா கர்டிஸ் பக்கம் திரும்பினாள்.

"இவரு சாகறதுல உங்க அப்பாவுக்கு என்ன லாபம்? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

கர்டிஸ் வாயைத் திறந்தான். அப்பாவின் கண்கள் அவன்மேல் இருந்தன. ஏழாவது இன்னிங்ஸில் சொன்னதையே இப்போதும் சொல்லின.

"எனக்கு எதுவும் தெரியாது" என்றான்.

"நான் சொல்றேன்" என்றார் வால்டர். "நோ-ஹிட்டர் ஓடிட்டிருந்துது. நான் குனிஞ்சா ராசி போயிடும். அவ்வளவுதான்."

"ராசிக்காக ஒரு மனுஷனைச் சாக விட்டீங்களா?"

"நீயும் இந்த ஊர்தானே? கேட்கறியே."

ரோண்டா விலங்கை எடுத்தாள். அவர் தானாகவே கையை நீட்டினார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டபிறகு.

கமிஷனர் மறுவாரம் தீர்ப்பை அறிவித்தார். கிளப்புக்கு இரண்டு வாய்ப்புகள் இழப்பு. டென்னிஸ் கீலுக்கு வாழ்நாள் தடை. புதைத்து நான்கு நாள் ஆனவருக்கு.

நியாயமா என்று ஊர் இன்னும் வாதாடுகிறது. கர்டிஸ் இன்னும் தலைவர். கண்ணாடி அறையில் அப்பாவின் நாற்காலியில்தான் உட்காருகிறான். கால் அந்தத் தரைவிரிப்பில்தான் இருக்கிறது. ஆட்டத்தை அவன் ரசிப்பதில்லை. எழுந்து போவதும் இல்லை.

கடைசியாக ஒரு வதந்தி. கிழவர் வால்டர் ஹேவர்கேம்ப் ஒரு நோ-ஹிட்டருக்காக ஆளைக் கொன்றார் என்று மதுக்கடைகளில் பெருமையாகவே சொல்கிறார்கள். அவர் பெயரில் ஒரு பீர்கூட வந்துவிட்டது.

தவறு.

அன்று நோ-ஹிட்டர் எதுவும் நடக்கவில்லை. டிரோவர்ஸ் ஒன்று, ரிவர்மென் பூஜ்யம்.