இறக்கை சேர்ந்த இடம்

வெள்ளிக்கிழமை பொம்மை விமானத்தின் மூட்டில் இடுக்கு அடைக்கப் பூசிய பட்டி ஞாயிறு மதியமாகியும் காயவில்லை. அவள் கட்டைவிரல் நகத்தால் மெல்ல அழுத்திப் பார்த்தாள். நகம் உள்ளே இறங்கியது. கையை எடுத்த பிறகு அந்தப் பள்ளம் அப்படியே நிற்காமல், ஆள் எழுந்துபோன மெத்தையைப் போல மெதுவாக மேலே வந்து சமமானது.

பட்டி அப்படிச் செய்யாது. பல்செட் செய்யும் கூடத்தில் மெழுகும் மாவும் பிசினுமாகப் பல வருஷம் புழங்கியவள் அவள். எது எப்போது இறுகும் என்று அவள் விரல்களுக்கே தெரியும். வீட்டுக்கு வந்தாலும் அந்த விரல்கள் சும்மா இருக்காது. பாகம் பாகமாக ஒட்டிக் கட்டுகிற பிளாஸ்டிக் விமான கிட்டுகளாக வாங்கி அடுக்குவாள். ஆனால் பெட்டிமேல் இருக்கிற படத்தைப் போல ஒருநாளும் கட்டமாட்டாள். ஒன்றின் வாலை அறுத்து இன்னொன்றுக்கு வைப்பாள். போர் விமானத்தின் மூக்கைச் சரக்கு விமானத்துக்குப் பொருத்துவாள். மூட்டில் பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, சாயம் அடித்து முடித்தால் எங்கே ஒன்று முடிந்து எங்கே மற்றது தொடங்குகிறது என்று அவளுக்கே தெரியாது. மூட்டு மறைகிற அந்த நேரத்துக்காகத்தான் இத்தனை பாடும்.

இந்த முறை உடல் பழையது. பழைய சாமான் கடையில் பெட்டிகூட இல்லாமல் கிடந்த பயணிகள் விமானம். யாரோ இரண்டு பாதியையும் ஒட்டி, ஜன்னல்களை அடைத்து, இறக்கை வைக்காமல் விட்டிருந்தார்கள். அதற்கு ஒரு குண்டுவீச்சு விமானத்தின் அகன்ற இறக்கைகளைப் பொருத்தியிருந்தாள்.

"என்ன கேப்டன், இன்னிக்காவது கிளம்புமா?" என்று அடுத்த அறையிலிருந்து கணவர் கேட்டார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஞாயிறு ஒருநாள்தான் அவர் முதுகு கட்டிலைப் பார்க்கும்.

"பட்டி காயலைங்க."

"மழை ஈரம்மா. வெயில் வந்தா தானா காயும்."

இருக்கலாம் என்று அவளும் நினைத்துக்கொண்டாள். உப்புத்தாளை மடித்து மூட்டின்மேல் வைத்துத் தேய்த்தாள். காய்ந்த பட்டி என்றால் வெள்ளைத் தூளாகப் பறக்கும். மூக்கில் ஏறித் தும்மல் வரும். இது பறக்கவில்லை. குளிக்கும்போது நனைந்த முழங்கையைத் தேய்த்தால் அழுக்கு திரண்டு வருமே, அதைப்போலச் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னத் திரிகளாக உருண்டு வந்து உப்புத்தாளிலும் அவள் விரல் இடுக்குகளிலும் ஈஷிக்கொண்டது. உதறினாள், போகவில்லை. பாவாடையில் துடைத்தாள், அங்கே ஒட்டிக்கொண்டது.

குனிந்து பார்த்தபோதுதான் வாடை தெரிந்தது. பசையின் நெடி இல்லை. காயத்துக்குப் போட்ட துணிக்கட்டைப் பல நாள் கழித்துப் பிரித்தால் வரும், புளிப்பும் ஈரமுமான, சூடான வாடை.

தேய்த்த இடம் இளஞ்சிவப்பாக இருந்தது.

பல்செட்டுக்கு ஈறு வைக்கிற பிசினின் நிறம். கூடத்திலிருந்து தவறிப்போய் எடுத்து வந்துவிட்டோமா என்று டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தாள். இல்லை. அதுவும் தவிர, பிசினில் குழிகள் இருக்காது. விளக்கை இழுத்து, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். நெருக்கமாகக் குழிகள். மூக்கின்மேல் இருப்பவை போல. ஒவ்வொன்றின் வாயிலும் துளி எண்ணெய்ப் பிசுக்கு. ஒன்றிரண்டில் கருப்பாக, சுருண்டு, இன்னும் வெளியே வராத ஏதோ ஒன்று.

போதும் என்று தோன்றியது. ஆசையாகச் செய்ததுதான். இருந்தாலும் குப்பையில் போட்டுவிட்டுக் கையைக் கொதிக்கிற தண்ணீரில் கழுவ வேண்டும். இறக்கையை உடைத்து எடுத்துவிட்டால் பையில் அடங்கும். இடது கையால் உடலைப் பிடித்து, வலது கை விரல்களை மூட்டின் அடியில் கொடுத்து இறக்கையை மேலே நெம்பினாள்.

பிளாஸ்டிக் முறிகிற 'படக்' வரவில்லை. இறக்கை வளைந்தது. காது மடலைப் போல வளைந்து, விட்டதும் திரும்பியது. மூட்டின் ஓரம் மெல்லப் பிளந்து, முட்டையின் வெள்ளைக் கரு மாதிரி ஏதோ கசிந்து அவள் மணிக்கட்டு வரை வழிந்தது. வெதுவெதுப்பாக.

அவள் கையை இழுத்தாள். ஆள்காட்டி விரல் வரவில்லை.

விரல் ஒட்டிக்கொள்வது அவளுக்குப் புதிதில்லை. மாதம் ஒருமுறையாவது நடக்கும். நெயில் பாலிஷ் ரிமூவரில் ஊறவைத்தால் விட்டுவிடும். புட்டியை இடது கையால் எடுத்து முழுதும் ஊற்றினாள். மேசை நனைந்தது. பழைய சாயம் கரைந்தது. விரல் விடவில்லை.

"என்னங்க, கொஞ்சம் வாங்களேன்."

குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவர் உடனே வந்தார். பார்த்ததும் மூக்கைச் சுளித்தார்.

"என்ன நாத்தம் இது? எலி ஏதாவது செத்துக் கெடக்கா?"

"விரலு ஒட்டிக்கிச்சு. இறக்கைய அறுத்துடுங்க. விரலுக்குத் தள்ளி அறுங்க."

"இதுக்கா இப்படி நடுங்குற? லிஃப்ட்டுல மாட்டினவங்களையே எடுத்துருக்கேன்." சிரிக்கப் பார்த்தார். விளக்கருகே குனிந்து, அவள் விரல் இறக்கையில் சேரும் இடத்தை நகத்தால் தடவினார். இன்னொருமுறை தடவினார். சிரிப்பு நின்றுவிட்டது.

"எங்க ஒட்டியிருக்கு?"

அவளும் பார்த்தாள். கோடு இல்லை. மேடு இல்லை. விரலின் ரேகைகள் இறக்கைமேல் ஏறி, விரிந்து, இறக்கையாகியிருந்தன. அவ்வளவு சுத்தமான மூட்டை அவள் இதுவரை செய்ததில்லை.

"அறுங்க," என்றாள். "யோசிக்காதீங்க."

சின்ன ரம்பத்தை எடுத்து, விரலிலிருந்து நாலு விரற்கடை தள்ளி இறக்கையின் நுனிப்பக்கம் வைத்தார். ஒரு இழுப்பு.

அவள் இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"என்னாச்சு?"

"தெரியுது."

"என்ன தெரியுது?"

"ரம்பம் ஜில்லுனு இருக்கு. அங்க. வலிக்குது."

அவர் ரம்பத்தை எடுக்கப் போனார். வரவில்லை. அறுத்த இடத்தின் இரண்டு ஓரமும் தடித்து, ஈரமாக, தகட்டைக் கவ்விக்கொண்டிருந்தன. குழந்தை ஸ்பூனைக் கவ்வுவது போல. பிடி கிடைக்க இடது கட்டைவிரலை இறக்கையில் ஊன்றி இழுத்தார். கொழகொழவென்று ஒரு சத்தத்தோடு ரம்பம் வந்தது. பிளவு மூடிக்கொண்டது.

"கையை எடுங்க," என்றாள்.

அவர் எடுக்கவில்லை.

"என்னங்க. கையை எடுங்க."

அவர் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. தோள் இறுகுவது தெரிந்தது. இழுக்கிறார். இழுத்துக்கொண்டேதான் இருக்கிறார். அவர் இழுப்பது அவள் ஆள்காட்டி விரலின் எலும்பில் தெரிந்தது. அவருடைய நாடித்துடிப்பும் தெரிந்தது. படபடவென்று.

அதற்குக் கீழே, அவளுடையதும் இல்லாத இன்னொன்று. நிதானமாக.

மழைக்காற்றில் ஜன்னல் கதவு திறந்துகொண்டது. குளிர்ந்த காற்று மேசைமேல் வீசியது. அவர்கள் இருவர் கையிலும் ஒரு மாற்றமும் இல்லை. இறக்கைமேல் மட்டும், மூட்டில் தொடங்கி நுனிவரை, சின்னச் சின்னப் புள்ளிகளாக, புல்லரித்தது.