தட்டைப் பாறைக்கு அந்தப் பக்கம்

மச்சான் அன்று தட்டை இடப்பக்கமாகச் சுழற்றினான்.

அது ஏன் கண்ணை உறுத்துகிறது என்று எதிரே இருந்த மாமனுக்கு முதலில் பிடிபடவில்லை. முழங்காலுக்குக் கீழே ஓடும் ஆற்றில், வழக்கமான வளைவில், வழக்கமான இரண்டு கற்களின் மேல் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு அள்ளு மணல், கொஞ்சம் தண்ணீர், தட்டைச் சாய்த்து ஒரு சுற்று, மேலே வரும் கூழாங்கல்லை விரலால் தள்ளிவிட்டு மறுபடி ஒரு சுற்று. கடைசியில் அடியில் தங்கும் கருமணலில் ஊசிமுனை அளவுக்குத் தங்கம் மஞ்சளாக மினுக்கினால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அது போதும். இரண்டு வருடமாக மாமனுக்கும் மச்சானுக்கும் இதுதான் பொழுதுபோக்கு. இந்த இரண்டு வருடத்தில் மச்சானின் கை ஒரு தடவைகூட இடப்பக்கம் திரும்பியதில்லை.

லிஃப்ட் மெக்கானிக்கான அவருக்குப் பிசகைக் கண்டுபிடிப்பதுதான் பிழைப்பே. எட்டு மாடிக் கட்டடத்தின் வாசலில் நின்றபடியே, மேலே மோட்டார் அறையில் எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். அந்தக் காதும் கண்ணும் ஆற்றங்கரைக்கு வந்தாலும் சும்மா இருப்பதில்லை.

"என்னடா, புதுப் பழக்கமா?" என்றார்.

மச்சான் தன் கைகளைக் குனிந்து பார்த்தான். யாரோ இரவல் கொடுத்த கைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"எப்படிச் சுத்துனா என்ன மாமா."

அதோடு நிறுத்திக்கொண்டான். அதுவும் சரியில்லை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், இருபது வாண்டுகளைப் பேச்சாலேயே கட்டிப்போடுகிறவன், ஒரு கேள்வி கேட்டால் ஒன்பது பதில் சொல்கிறவன். காலையில் இருந்து அவன் வாயிலிருந்து முழுசாகப் பத்து வார்த்தை வந்திருக்காது.

அவருக்கு வியாழக்கிழமை ஞாபகம் வந்தது. அன்று மச்சான் வேனை ஷெட்டில் விட்டுவிட்டுத் தனியாக ஆற்றுக்குப் போயிருக்கிறான். இருட்டிய பிறகு நனைந்த கோழியாகத் திரும்பி, சாப்பிடாமல் மாடியில் இருக்கும் தன் அறைக்குப் போய்ப் படுத்துவிட்டானாம். வெள்ளிக்கிழமை மனைவிதான் இதைச் சொன்னாள். குளியலறையில் தொங்கும் அவன் சட்டை இன்னும் சொட்டுகிறது என்றும், தம்பிக்குப் பெண் விஷயமாக ஏதோ இருக்கும் போலிருக்கிறது, நீங்கள்தான் நைசாக விசாரிக்க வேண்டும் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவர் இல்லாமல் இன்னொருவர் தட்டைத் தொடுவதில்லை என்று பேசி வைத்திருந்தார்கள். பேசியது அவன்தான்.

மச்சானின் தட்டில் ஏதோ பளிச்சென்றது. அவர் எட்டிப் பார்த்தார். அரிசியில் பாதி இருக்கும். இரண்டு வருடத்தில் அவர்கள் பார்த்ததிலேயே பெரியது. அவன் அதை நுனிவிரலில் ஒற்றி எடுத்து, ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்காமல், அவருடைய கண்ணாடிக் குப்பிக்குள் போட்டான்.

"வச்சுக்குங்க."

போன மாதம் கண்ணுக்கே தெரியாத ஒரு துகளுக்காக வீடு வரைக்கும் மல்லுக்கு நின்றவன். அவர் குப்பியை மூடிப் பையில் வைத்தார். நன்றி சொல்லத் தோன்றவில்லை. பெரிய மீனைப் பிடித்தவன்தான் சின்ன மீனைத் தூக்கிக் கொடுப்பான் என்று தோன்றியது. அவன் ஒரு இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறான். கூடவே யாரோ ஒரு கூட்டாளி. இடப்பக்கமாகச் சுழற்றுகிற ஒரு கூட்டாளி.

"மேல போய்ப் பாப்பமா? அந்தத் தட்டைப் பாறைக்கு அந்தப் பக்கம்," என்றார், சும்மா கேட்பதுபோல.

தட்டு நின்றது.

"அங்க ஒண்ணும் இல்ல மாமா."

"நீ எப்போ பாத்த?"

"அங்க ஒண்ணும் இல்ல மாமா." அதே குரல், அதே இழுப்பு, ஒரு இம்மி பிசகாமல்.

அவர் கொஞ்ச நேரம் கழித்து, தொண்டை வறண்டுவிட்டது, வேனில் இருக்கும் டீ ஃபிளாஸ்கை எடுத்து வரமுடியுமா என்று கேட்டார். மச்சான் மறுபேச்சில்லாமல் எழுந்தான். வேன் மேட்டுப் பாதையில் நின்றது; போய்வரக் கால் மணி நேரமாவது ஆகும். அவர் அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். நடு ஆற்றைக் கடந்து போகிற ஒருவனின் காலடியில் தண்ணீர் சளசளக்க வேண்டும், கூழாங்கல் உருண்டு நறநறவென்று கேட்க வேண்டும். அவன் போன பாதையில் தண்ணீர் தானாக விலகி, அவன் கால் எடுத்ததும் தானாக மூடிக்கொண்டது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டும் அவருக்கு ஆற்றின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அவன் மேடேறி மறைந்ததும் அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார். அடியை அறுத்துவிட்டுக் கண்ணாடி ஒட்டிய பிளாஸ்டிக் வாளி அது. தண்ணீரின் மேல் வைத்து உள்ளே பார்த்தால் அலையின் நெளிவு இல்லாமல் ஆற்றின் தரை துடைத்த மேஜைபோலத் தெரியும்.

தட்டைப் பாறைக்கு அந்தப் பக்கம் வெயில் விழவில்லை. காற்றில் நாள்பட்ட சேற்று வாடை. இரண்டு நாளாக மனைவி மாடிப்படியில் ஊதுபத்தி ஏற்றி ஏற்றி விரட்டப் பார்த்த அதே வாடை. பாறையடியில் புதிதாக வாரிக் கொட்டிய சரளைக் குவியல் கிடந்தது. பக்கத்தில் மச்சானின் குட்டிக் கடப்பாறை. அதன் பிடியில் அவன் சுற்றிய சைக்கிள் டியூப்.

அகப்பட்டுக்கொண்டாயா, என்று நினைத்தார். கோபத்தைவிட வலிதான் அதிகம் இருந்தது. கேட்டிருந்தால் மொத்தத்தையும் அவனுக்கே விட்டிருப்பார். அவருடைய கல்யாணத்தன்று அரைக்கால் சட்டையோடு அவர் மடியிலேயே தூங்கிப்போன பயல்தானே.

பாறையின் மேல் குப்புறப் படுத்து, வாளியைத் தண்ணீரில் அழுத்தி, முகத்தை உள்ளே புதைத்தார்.

கீழே ஒரு இடுக்கு. ஒரு ஆள் ஒருக்களித்து நுழையலாம், அவ்வளவு அகலம். அதன் விளிம்பு நெடுகத் தங்கம். பொடி இல்லை. மணி மணியாக, உதிர்த்த சோளம்போல. இவ்வளவையும் கண்டவன் ஏன் ஒன்றைக்கூட எடுக்கவில்லை?

கையை விட்டார். முழங்கை போயிற்று. தோள் வரை போயிற்று. ஐஸ் போன்ற குளிர். விரலில் துணி பட்டது.

இழுத்தார். வரவில்லை. துணிக்கு உள்ளே கனம் இருந்தது.

வாளியை நகர்த்தினார்.

நீலக் கட்டம் போட்ட சட்டை. குளியலறையில் சொட்டிக்கொண்டிருந்த அதே கட்டம்.

ஒரு கை. விரித்த விரல்கள். கட்டைவிரல் நகம் கறுப்பு. வேன் கதவில் நசுங்கிய நகம். இவர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

தலைமுடி. நீரோட்டத்தில் மெதுவாக ஆடியது.

முகம்.

மச்சான்.

வாய் நிறையச் சரளை. கண் திறந்திருந்தது.

வியாழன். வெள்ளி. சனி. மூன்று இரவு மாடியில் படுத்தது யார்? அக்கா கையால் வாங்கிச் சாப்பிட்டது யார்?

வேனை இங்கே ஓட்டிவந்தது யார்?

"டீ கொண்டாந்துட்டேன் மாமா."

பின்னால். ரொம்பப் பக்கத்தில். தண்ணீர் கொஞ்சமும் சத்தம் போடவில்லை.

அவர் வாளியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. எடுத்தால் திரும்ப வேண்டும்.

"அங்க ஒண்ணும் இல்லல்ல?"

"இல்ல," என்றார். அது தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. "ஒண்ணும் இல்ல."

"அதான் சொன்னேன்ல. எந்திரிங்க. அக்கா வீட்ல தனியா காத்துக்கிட்டு இருப்பாங்க."

தோளுக்குப் பக்கத்தில் ஒரு கை நீண்டது. தூக்கிவிடுவதற்காக. உள்ளங்கை மேலே பார்த்து விரிந்திருந்தது. நனைந்த, வெளுத்த உள்ளங்கை. அதில் ஒரு ரேகைகூட இல்லை.

அவள் தனியாக இருக்கிறாள். வேன் சாவி அதனிடம் இருக்கிறது. வேறு வழி தெரியவில்லை. பிடிப்பதற்காகத் தன் கையை மெல்லத் தூக்கினார்.

வாளிக் கண்ணாடிக்குக் கீழே, இடுக்குக்குள் இருந்த கண்கள் அவரைப் பார்த்து நகர்ந்தன. சரளை அடைத்த வாயோடு, பாறைக்கும் பாறைக்கும் நடுவில் இருந்த அந்தக் கொஞ்ச இடத்தில், மச்சான் தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினான். வேண்டாம், வேண்டாம் என்று.