ஞாயிறு மட்டும் வராத தூக்கம்

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் தூக்கம் வருவதில்லை?

தலை பின்னிக்கொண்டே அவள் இதைத்தான் யோசித்தாள். மற்ற நாட்களில், மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் சாணைச் சக்கரத்தின் முன் உட்கார்ந்ததுமே கண் சொக்குகிறது. லென்ஸின் ஓரம் சில்லுச் சில்லாகப் பெயர்கிறது. லென்ஸுக்குத் தாலாட்டா பாடுகிறாய் என்று பக்கத்து மேஜைக்காரி சிரிப்பாள். கடைக்கார அம்மா சிரிக்கவில்லை. இன்னொரு தடவை கண் அசந்தால் வேறு இடம் பார்த்துக்கொள் என்று நேற்று சொல்லிவிட்டார்.

மனநல மருத்துவமனையிலிருந்து திரும்பியபின், பயிற்சி மையத்தில் லென்ஸ் தீட்டப் படித்து, நோயை மறைக்காமல் சொல்லி அவளே தேடிக்கொண்ட வேலை அது. அதன் பிறகுதான் வீட்டில் கத்தரிக்கோலை ஒளித்து வைப்பது நின்றது. முடியவில்லை என்றால் விட்டுவிடு என்கிறான் கணவன், கரிசனமாகத்தான்.

நோய் திரும்புகிறதா? மாத்திரையைத் தினமும் தன் கையாலேயே போட்டுக்கொள்கிறாள், ஞாயிறு உட்பட. அன்றைக்கு வேலை இல்லாததாலா? போன புதன்கிழமை கடை விடுமுறை. வீட்டிலும் தூங்கி வழிந்தாளே! அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் என்ன?

அன்று காபி போடுவது கணவன். மற்ற நாட்களில் மாமியார்.

பின்னல் பாதியில் நின்றது. காபியில் என்னவோ கலக்கிறீர்கள் என்று நோய் முற்றிய நாட்களில் டம்ளரைச் சுவரில் அடித்தவள் அவள்தான். அதையே இன்று வாய்விட்டுச் சொன்னால் மறுபடியும் ஆஸ்பத்திரி. ஆனாலும் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. ஓசைப்படாமல் சமையலறை வாசலில் போய் நின்றாள்.

மாமியார் கரண்டியின் முதுகால் வெள்ளை மாத்திரை ஒன்றை நுணுக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தை... அது என்னோடதா?"

கரண்டி விழுந்தது. சத்தம் கேட்டு வந்த கணவன் அம்மாவையும் பொடியையும் மாறி மாறிப் பார்த்தான். மாமியாரின் அழுகையோடு எல்லாம் வெளியே வந்தது. அந்த நாட்களில் அவள் மாத்திரையைத் துப்பிவிடுவாளாம். காபியில் கலந்துதான் உள்ளே போகுமாம். இப்போது தானே போட்டுக்கொள்வதாக அவள் சொன்னாலும் நம்பத் தைரியம் வரவில்லையாம். பழைய மருந்துச் சீட்டைக் கடையில் காட்டி வாங்கி வந்தாராம்.

"அப்போ இவ வேலையில தூங்கினது ரெண்டு மாத்திரை உள்ளே போனதாலயா?" என்றான் கணவன்.

"உன்னை மறுபடி அங்க விட்டுட்டு வர என் உடம்புல தெம்பு இல்லைம்மா..."

மாமியார் அவளைக் கட்டிக்கொண்டார். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வந்தது வேறு: என் புத்தி சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது என்ற ஆச்சரியம். கூடவே, இந்த மனுஷி ஒவ்வொரு காலையும் எவ்வளவு பயந்து எழுந்திருப்பார் என்ற நினைப்பு. அவளும் அழுதாள்.

மாமியார் முகத்தைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடினார்.

"நானும் கடைக்கு வர்றேன். தப்பு என்னோடதுன்னு சொல்றேன். காபியில கலந்தாங்கன்னு நீ போய்ச் சொன்னா, பழையபடி ஆயிட்டான்னுதானே நினைப்பாங்க?"

அப்படித்தான் நினைப்பார்கள். அவளுக்கும் தெரியும்.

"கடைக்கு வேண்டாம் அத்தை. சாயங்காலம் டாக்டர்கிட்ட சேர்ந்து போகலாம், அங்க நீங்க சொல்லுங்க. நம்பாட்டாலும் பரவாயில்லை, கடையில நானே சொல்லிக்கிறேன்."